கயிற்றில் ஏறும் சாப்பாடு

பருப்பில் உப்புப் போட மறந்துவிட்டேன் என்பதை எனக்குச் சொன்னவள் பேத்தி. முதல் வாயை வைத்ததுமே முகத்தைச் சுளித்தாள்.

"பாட்டி, இது பருப்பா, பாத்திரம் கழுவுன தண்ணியா?"

நான் எழுந்துபோய் உப்புக் கிண்ணத்தை எடுத்து வருவதற்குள், எதிரே உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்து, கையும் கழுவிவிட்டார். "போதுமா மாப்ள?" என்று கேட்டேன். "போதும் அத்தை" என்றார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். எங்கள் வீட்டில் அது மருமகன் வயிற்றிலே போய்ச் சேர்ந்தது.

அவர் என் மகளைக் கட்டியவர். மகள் இறந்து அப்போது ஒரு வருஷம் முடிந்திருந்தது. மகள் போன பிறகு மாமியாருக்கும் மருமகனுக்கும் என்ன உறவு மிச்சம் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. நான் சமைப்பேன், அவர் சாப்பிடுவார், பேத்தி நடுவில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள். வீடு அப்படித்தான் ஓடியது. யாரும் அழவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கின பிறகு கன்னம் கிடக்குமே, தொட்டால் தன்னுடையது இல்லை என்பது மாதிரி, அப்படிக் கிடந்தது வீடு.

அவருக்குச் சின்ன வயதிலேயே அப்பா அம்மா இல்லை. அண்ணன் வீட்டில் வளர்ந்தார். அண்ணி கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அவளுக்கே வீடு நிறையப் பிள்ளைகள். தட்டில் விழுந்ததைத் தின்றுவிட்டு எழுந்துகொள்ள வேண்டும். 'இன்னும் கொஞ்சம்' என்ற பேச்சு அந்த வீட்டில் கிடையாது. மீசை முளைக்கும்போதே கட்டட வேலைக்குப் போய்விட்டார். முதலில் கம்பிக்கட்டுகளுக்குச் சங்கிலி மாட்டுகிற வேலை, பிறகு கீழே நின்று கிரேனுக்குக் கை காட்டுகிற வேலை. அப்புறம்தான் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, மேலே ஏறினார். கட்டடம் எழும்புகிற இடத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு ஒரு கையை நீட்டிக்கொண்டிருக்குமே கோபுரக் கிரேன், அதன் கழுத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அதற்குள் உட்கார்ந்திருப்பவர் இவர். காலுக்குக் கீழேயும் கண்ணாடி. குனிந்தால் நேராகத் தரை தெரியும். ஏணி மேல் ஏணியாக ஏறிப் போக வேண்டும் என்பதால் காலையில் ஏறினால் வேலை முடிந்துதான் இறங்குவார். வேலை இடத்தில் எல்லோரும் அவரை 'மாடி வீட்டுக்காரர்' என்றே கூப்பிடுவார்கள்.

என் மகள் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தாள். வேலைக்குப் போடுகிற கனத்த பூட்ஸ் வாங்க அந்தக் கடைக்கு வந்தார் இவர். "நாள் முழுக்க மேல உக்காந்திருக்கிறவருக்கு எதுக்குங்க இவ்ளோ கனம்? பறந்துடுவோம்னு பயமா?" என்று கேட்டாளாம். இவருக்குப் பதில் சொல்ல வரவில்லை. மறுவாரம் வந்து சொன்னார். பூட்ஸ் கடிக்கிறது என்று ஒரு சாக்கும் கொண்டுவந்திருந்தார். அப்படி நடந்த கல்யாணம் அது.

மேலே சாப்பாடு எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். ஏணியில் ஏறுகிறவர் கையிலும் முதுகிலும் எதுவும் இருக்கக் கூடாது, அது அங்கே சட்டம். அதனால் டப்பா கீழே கொட்டகையில் இருக்கும். மத்தியானம் கூண்டிலிருந்து ஒரு கயிறு இறங்கும். கீழே இருப்பவர் பையை அதில் கட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்வார். மகள் இருந்தபோது, கயிறு மேலே போகிற நேரம் பார்த்து ஃபோன் அடிப்பாள்.

"டப்பாவத் தொறந்தாச்சா? மூடிய எங்க வெச்சீங்க? ஜன்னல் பக்கம் வெக்காதீங்க. போன தடவ சூபர்வைசர் தொப்பி மேல விழுந்தது பத்தாதா?"

ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் கிரேனின் பிடி, காதில் என் மகள். வைத்தியம் படித்தவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனாலும் டப்பா கழுவி வைத்தது போலத் திரும்பி வரும். சாயங்காலம் வந்து, "இன்னும் கொஞ்சம் வெச்சிருக்கலாம்" என்பார். அண்ணி வீட்டில் சொல்லாத அந்தச் சொல்லை அவர் சொன்னது என் மகளிடம் மட்டும்தான்.

கடையில் ஒரு வாடிக்கையாளருக்குக் கால் அளவு பார்க்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவருக்குச் செய்தி போனபோது கிரேனில் ஒரு கம்பிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதை மெதுவாகக் கொண்டுபோய், வைக்க வேண்டிய தளத்தில் வைத்து, சங்கிலியைக் கழற்றும் வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் இறங்கினார். துக்கத்துக்கு வந்தவர்கள் 'கல்நெஞ்சுக்காரன்' என்று காதுபடவே பேசினார்கள். கீழே ஆட்கள் நடமாடும்போது சுமையை அந்தரத்தில் விட்டுவிட்டு எப்படி இறங்குவது? அவர் செய்தது சரி. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போனார். மத்தியானம் கயிறு இறங்கியது. பை மேலே போனது. ஃபோன் மட்டும் அடிக்கவில்லை.

கிரேன்காரர்களுக்கு வருஷம் ஒரு தடவை உடம்பைச் சோதிப்பார்கள். அந்த வருஷம் சோதித்த டாக்டர், இரத்தக் கொதிப்பு அதிகம் என்றார். மாத்திரை கொடுத்து, உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். ஒன்றரை மாதம் கழித்து மறுபடி அளப்போம், அதற்குள் இறங்கவில்லை என்றால் மேலே ஏற விட மாட்டோம், கீழேதான் வேலை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு மருமகன் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"மேல ஏற வேண்டாம்னா நான் எங்க போவேன் அத்தை?"

அந்த வருஷம் முழுக்க அவர் என்னிடம் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. சம்பளத்தை நினைத்து அவர் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் குரல் வந்த இடம் அந்தக் கூண்டு. இதற்கு மேல் இதை விளக்க எனக்கு வராது.

எப்படியாவது இறக்கியாக வேண்டும் என்று பிடித்துக்கொண்டேன். பிடித்த பிடியை நான் விடுகிறவள் இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரி, டயர் கடைக்கு மேலே ஆயுர்வேதம் பார்க்கிற ஒரு வைத்தியரம்மா இருக்கிறாள், போய்ப் பாருங்கள் என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். கீழே டயரைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் மேஜை மேல் இருந்த கண்ணாடி டம்ளர் நடுங்கியது. வைத்தியரம்மா நாடி பார்த்தாள், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள், பிறகு கேட்டாள்.

"பசி எப்ப எடுக்கும்?"

"பன்னெண்டரைக்கு."

"அது கடிகாரத்துக்கு. உங்களுக்கு?"

மருமகன் என்னைப் பார்த்தார்.

"சரி, நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

மறுபடியும் என்னைப் பார்த்தார். "என்னைப் பாக்காதீங்க மாப்ள. கட்டிக் கொடுத்ததுதான் நான். தின்னது நீங்க" என்றேன்.

வைத்தியரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "பசி வந்தா பத்தும் பறந்துபோகும்னு சொல்வாங்க. இவருக்குப் பத்தும் பத்திரமா இருக்கு. பசிதான் பறந்துபோச்சு."

பிறகு வரிசையாகச் சொன்னாள். முதலில், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தினால் என் படி ஏறாதீர்கள் என்றாள். அப்போதே எனக்கு அவள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. எழுந்ததும் நாக்கை வழிக்க வேண்டும். நாள் முழுக்க வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் எலுமிச்சைச் சாறு பிழிந்த இஞ்சித் துண்டு ஒன்று. பெரிய சாப்பாடு மத்தியானம்தான், அதுவும் சூடாக, உட்கார்ந்து, தட்டைப் பார்த்து. வயிற்றில் பாதிக்குச் சோறு, கால் பாகத்துக்குத் தண்ணீர், மீதிக் கால் பாகத்தைக் காலியாகவே விட வேண்டும். ராத்திரிக்குக் கஞ்சி போல இலேசாக, நேரத்தோடு. படுக்கும் முன் உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்க்க வேண்டும்.

"இன்னொண்ணு. உடம்பு கேக்கிறத அடக்கக் கூடாது. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், ஒண்ணுக்கு ரெண்டுக்கு, ஏப்பம், கண்ணீர். எதையும் அடக்கி வெக்காதீங்க."

கண்ணீர் என்றதும் நானும் அவரும் ஒரே நேரத்தில் தரை விரிப்பைப் பார்த்தோம். கீழே டயர்க்காரர் அடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் மாறியது. வைத்தியரம்மா சொன்னதையெல்லாம் செய்தேன். ஒன்றைத் தவிர. ஐஸ் தண்ணீர் ஆகாது என்று எனக்கும் சேர்த்துச் சொன்னாள். வியாதி எனக்கில்லை, நான் ஐஸ் தண்ணீர்தான் குடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். மற்றபடி சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரைப் பெரிய பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தேன். இஞ்சியை நறுக்கித் தனி டப்பியில் வைத்தேன். ராத்திரிக் கஞ்சிக்குப் பக்கத்தில் பேத்தி காவல் உட்கார்ந்தாள். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் தாடையைப் பார்த்து எண்ணுவாள்.

"பதினொண்ணு, பன்னெண்டு... அப்பா, முழுங்கிட்டீங்க! ஏமாத்து!"

"கஞ்சிய எப்படிம்மா மெல்லுறது?"

"அது உங்க பாடு."

படுக்கும்போது உள்ளங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறவளும் அவள்தான். அம்மாவுக்குத் தேய்த்தால் அலறுவாளாம், காலை உதறுவாளாம். அப்பா மரக்கட்டை மாதிரிக் கிடந்தார். "அப்பாவுக்குக் கூச்சமே இல்ல பாட்டி" என்று ஒருநாள் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். நான் போய்ப் படுக்கச் சொன்னேன்.

உப்பை மறந்துபோனது அந்த நாட்களில்தான். மறுநாள் பேத்திக்குத் தனியாக உப்புப் போட்டேன். அவருக்குப் போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. டாக்டர் பாதி என்றுதான் சொன்னார், முழுக்க நிறுத்தியது என் வீம்பு. இந்த மனிதர் வாயைத் திறந்து கேட்கட்டும், கேட்கிற அன்றைக்குப் போடுகிறேன் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை.

ஒன்றரை மாதத்தில் பாதி போயிருக்கும். ஒருநாள் காலையில் டப்பாவை, பிளாஸ்க் உட்பட, சமையல் மேடையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். சோற்றைப் புதிதாக வடித்து எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன். அவர் வேலை பார்க்கிற இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தகரத் தடுப்பு, சேறு, சிமெண்ட் மூட்டைகள், காது கிழிகிற சத்தம். கையில் வாக்கி-டாக்கி வைத்திருந்த ஒருவர் ஓடி வந்து என் தலையில் ஒரு மஞ்சள் தொப்பியைக் கவிழ்த்தார். கீழே நின்று கிரேனுக்குக் கை காட்டுகிறவர் அவர்தான். 'கைகாட்டி' என்றே அங்கே பெயர். பிளாஸ்கைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நீங்கதான் வெந்நீர் அம்மாவா?"

"அதென்ன பேரு?"

"உங்க வெந்நீர்லதாம்மா என் வண்டியே ஓடுது! எத்தனை வருஷத்து வயித்து உப்புசம் தெரியுமா? போன எடம் தெரியல. அந்த இஞ்சி இருக்கே, ஆகா. இப்பல்லாம் எனக்கு என்னமாப் பசிக்குது!"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "நீங்க ஏன் குடிக்கிறீங்க?"

கைகாட்டி நாக்கைக் கடித்துக்கொண்டார். தினமும் காலையில் மருமகன் பிளாஸ்கையும் இஞ்சி டப்பியையும் இவரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஏணியில் ஏறுவாராம். அத்தை மனசு நோகும், காலி பண்ணிக் கொடு என்பாராம். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று இவர் காலி செய்திருக்கிறார்.

"அவர் ஏன் குடிக்கல?"

கைகாட்டி தரையைப் பார்த்தார், மேலே பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மேல பாத்ரூம் இல்லம்மா."

"அப்படின்னா?"

"அப்படின்னா அவ்ளோதாம்மா. சில பேரு பாட்டில் கொண்டுபோவாங்க. அண்ணன் கூச்ச சுபாவம். தண்ணியே குடிக்கிறதில்ல. கார்த்தாலேருந்து சாயங்காலம் வரைக்கும்."

வெந்நீர் குடி என்றும் சொன்னோம், அடக்காதே என்றும் சொன்னோம். இரண்டும் அந்தக் கூண்டுக்குள் சேர்ந்து இருக்க முடியாது என்பது டயர் கடை மாடியில் வைத்தியரம்மாவுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மாமியாரிடம் எந்த மருமகன் இதைச் சொல்வார்? அவர் நெல்லிக்காய் மாதிரி எல்லாவற்றையும் வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு, சரி அத்தை, சரி அத்தை என்று பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

அப்போது மேலேயிருந்து கயிறு இறங்கி வந்தது. நுனியில் ஒரு கொக்கி. என் முகத்துக்கு நேரே வந்து ஆடிக்கொண்டு நின்றது. கைகாட்டி பைக்குக் கையை நீட்டினார். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு, அங்கே கிடந்த பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கயிறு ஒரு தடவை சுண்டியது. மறுபடியும் சுண்டியது. வாக்கி-டாக்கி கரகரத்தது. "என்னப்பா, கட்டியாச்சா?"

"அண்ணே, உங்க மாமியார் வந்திருக்காங்க. கட்ட மாட்டேங்கிறாங்க."

மேலேயிருந்து ஒரே சொல் வந்தது. "ஏன்?"

"இறங்கி வந்து தின்னச் சொல்லுங்க" என்றேன். கைகாட்டி அதை அப்படியே மேலே சொன்னார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்கக் கூடாது என்பதுதானே வைத்தியம்.

சூபர்வைசர் வந்தார். "என்னம்மா இது, வேலை நடக்கிற எடத்துல? கிரேன் நின்னா எல்லாம் நிக்கும்."

"உங்க ஆளுங்க எல்லாரும் இப்பத் தின்னத்தானே போறாங்க சார்? அப்ப இந்தக் கிரேன் யாருக்குத் தூக்குது?"

"மத்தியானத்துக்கு வேண்டிய கம்பிய அப்பத்தான் ஏத்தி வெப்போம்."

கைகாட்டி நடுவில் வந்தார். "அத முன்னாடியே ஏத்திடலாம் சார். அண்ணன் ஏறி எறங்க ஆகிறது கொஞ்ச நேரம். டாக்டர் அவர நிறுத்திட்டார்னா வேற ஆள் தேடி, பழக்கி, அதுக்கு எவ்ளோ ஆகும்?"

சூபர்வைசர் மேலே பார்த்தார். பிறகு என் மடியைப் பார்த்தார். "டாக்டர் பாக்கிற வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருமகன் இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. முதலில் கொட்டகைக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக்குப் போய்விட்டுத்தான் என்னிடம் வந்தார்.

"என் மானமே போச்சு அத்தை."

"போனா போகட்டும். கை கழுவிட்டு உக்காருங்க."

அன்றிலிருந்து தினமும் நான் போனேன். பேத்தி பள்ளிக்கூடம் போனதும் சமைத்து, சூடு ஆறாமல் துணியைச் சுற்றி, பஸ் ஏறிவிடுவேன். அவர் இறங்குவார், வெந்நீர் குடிப்பார், இஞ்சியை மெல்லுவார், பலகை மேல் உட்கார்ந்து சாப்பிடுவார். நான் பேச மாட்டேன். தட்டைப் பார்த்துத் தின்ன வேண்டும் என்று வைத்தியரம்மா சொல்லியிருந்தாள். அவர் தட்டைப் பார்க்கவில்லை. அண்ணாந்து, ஆளில்லாத அந்தக் கூண்டையே பார்த்துக்கொண்டு மென்றார். மேலே இருக்கும்போது கீழே பார்த்துச் சாப்பிட்டவர், கீழே வந்ததும் மேலே பார்த்துச் சாப்பிட்டார்.

"பசிச்சுதா மாப்ள?" என்று தினமும் ஒரு தடவை கேட்பேன்.

"தெரியல அத்தை."

"சரி."

ஒருநாள் மட்டும் அவராகச் சொன்னார். "சேதி வந்த அன்னிக்கும் இங்கதான் நின்னேன். கீழேருந்து பாத்தேன். வெச்ச கம்பிக்கட்டு ஆடாம இருந்துச்சு." எனக்கும் உள்ளே எதுவும் அசையவில்லை. டப்பாவை அடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

சோதனை நாள் வந்தது. காலையில் அவரே போய்விட்டு, அங்கிருந்து நேராக வேலை இடத்துக்கு வந்தார். நான் பையோடு பலகை மேல் உட்கார்ந்திருந்தேன். கொதிப்பில் மேல் அளவு இறங்கியிருக்கிறதாம். கீழ் அளவு போதுமான அளவுக்கு இறங்கவில்லையாம். இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம், அதுவரை ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஒரு மாசம்தானே மாப்ள."

"ஆமா அத்தை."

சோதனை நாள் என்பதால் சூபர்வைசர் முன்கூட்டியே வேறு ஆளை வரவழைத்திருந்தார். வந்தது ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. எல்லோரும் அவளை அதற்குள் 'புதுசு' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஏணியில் ஏறினாள். மருமகன் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே நிற்கிறாள், எங்கே மூச்சு வாங்குகிறாள் என்று பார்த்தார். அவள் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும், நான் கொடுத்த தட்டைக் கையில் வாங்கினார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். மேலே பார்க்க அவருக்கு இனி ஒன்றும் இல்லை.

ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார்.

"இதுல உப்பு இல்ல."

நான் பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினேன்.

"அத்தை, உப்பே இல்ல. கொஞ்சங்கூட இல்ல." குரல் உயர்ந்தது. அண்ணி வீட்டிலும் உயராத குரல், என் வீட்டிலும் உயராத குரல். "மனுஷன் திம்பானா இத?"

"ஒரு மாசத்துக்கு மேல அப்படித்தான் மாப்ள தின்னுட்டிருக்கீங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். தட்டை மடியிலிருந்து எடுத்துப் பலகை மேல் வைத்தார்.

"அவ இருந்தா போட்டிருப்பா."

அவள் போன பிறகு, அவர் அவளைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது.

"போட்டிருக்க மாட்டா. டாக்டர் சொன்னத அவ கேப்பா. ஃபோன்ல உங்களத் திட்டிக்கிட்டே, உப்பில்லாததத் தின்ன வெச்சிருப்பா."

அவர் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் ஒரு தடவை குலுங்கியது. இருமலாகவும் இருக்கலாம், சிமெண்ட் தூசி அங்கே அதிகம். நான் போய்ப் பார்க்கவில்லை. தட்டில் ஈ உட்காராமல் கையை வீசிக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் எரிந்தது. எனக்கும் தூசி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார். மீதிச் சோற்றில் பாதியைத் தின்றார். பாதியை வைத்துவிட்டார். "இதுக்கு மேல முடியாது அத்தை" என்றார். அந்த வருஷத்தில் அவர் தட்டில் மிச்சம் வைத்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரத்தில்தான் கயிறு இறங்கியது. புதுசுக்குப் பசி. அவளுடைய டப்பா கொட்டகையில் இருந்தது. கைகாட்டி அதை எடுத்துக்கொண்டு வந்தார். மருமகன் கையை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டார். கொக்கி அவர் தோளுக்குப் பக்கத்தில் ஆடியது. அவர் கட்டவில்லை. கைகாட்டியிடமிருந்து வாக்கி-டாக்கியையும் வாங்கினார்.

"எறங்கி வாம்மா."

"அண்ணே, சார் திட்டுவார்" என்றது கரகரப்பு.

"திட்டட்டும். கம்பிய அப்புறம் பாத்துக்கலாம். எறங்கி வா, சோறு ஆறுது."

கைகாட்டி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "தொத்து வியாதிம்மா இது. உங்ககிட்டேருந்து வந்தது."

இப்போது மருமகனும் கைகாட்டியோடு சேர்ந்து கீழே நின்று கை காட்டுகிறார். அடுத்த மாதம் மறுபடி அளப்பார்கள். இறங்குமோ இறங்காதோ, எனக்குத் தெரியாது. இறங்கினால் ஏறுவார், ஆனால் மத்தியானம் இறங்கி வருவார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வெந்நீர் இப்போது இரண்டு பிளாஸ்க், ஒன்று கைகாட்டிக்கு. பசிக்கிறதா என்று கேட்டால் இன்னும் 'தெரியல' என்றுதான் சொல்கிறார், பேத்தி எண்ணெய் தேய்த்தால் இன்னும் மரக்கட்டை மாதிரிதான் கிடக்கிறார். வீடு அப்படியேதான் இருக்கிறது.

அவர் உப்புக் கேட்டதற்கு மறுநாள் பருப்பில் உப்புப் போட்டேன். டாக்டர் சொன்ன பாதி. அதற்கு மேல் ஒரு கல் போட மாட்டேன். தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றார்.

"முடியாது மாப்ள" என்றேன்.